புது ரோலர் கோஸ்டர் பழுதே ஆகாதா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஜோகன்னஸ்பர்க்குக்குத் தெற்கே, லெனேசியாவிலிருந்து எழுதுகிறேன். உலகின் அதிவேக ரோலர் கோஸ்டர்களைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை என் தங்கை மகன் அனுப்பிவைத்தான். ஆசையாக எழுதியிருக்கிறார்கள், படங்களும் அருமை. ஆனால் அதில் ஒரு பத்தி எனக்கு உறுத்தியது. வண்டியை இழுக்கும் சங்கிலியும் கேபிளும் போய்க் காந்தம் வந்துவிட்டது, ஆகவே புது கோஸ்டர்களில் பழுதுக்கே இடமில்லை என்கிற மாதிரி அதில் சொல்லியிருக்கிறார்கள். தமிழ்நாட்டிலும் பெரிய பூங்காக்கள் வரத் தொடங்கியிருக்கும் நேரம் இது. பிள்ளைகளைக் கூட்டிப் போகும் பெற்றோர் அந்தப் பத்தியை அப்படியே நம்பிவிடக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இவன் யார் இதைச் சொல்ல என்று தோன்றும். நெய்வேலியில் வளர்ந்து, எலக்ட்ரிக்கல் டிப்ளமோ முடித்து, தொண்ணூறுகளின் கடைசியில் இங்கே வந்தேன். ஓய்வு பெறும்வரை தங்கச் சுரங்கங்களில் வைண்டர் பராமரிப்புதான் என் வேலை. வைண்டர் என்பது ஆட்களையும் பாறையையும் பூமிக்குள் இறக்கி ஏற்றும் இயந்திரம். பெரிய மோட்டார், அது சுழற்றும் டிரம், டிரம்மில் சுற்றிய எஃகு ரோப், ரோப்பின் முனையில் ஆட்கள் நிற்கும் கேஜ். இங்குள்ள சுரங்கங்களில் அந்த ரோப் ஒரே இறக்கமாக இரண்டு கிலோமீட்டருக்கும் மேலே போகும். கோஸ்டர் லாஞ்ச் என்கிறார்களே, வண்டியை நின்ற இடத்திலிருந்து ஒரே இழுப்பில் விரட்டுவது, அதில் ஒரு வகை அப்படியே வைண்டரின் தம்பி. அதனால்தான் இந்த விஷயத்தில் எனக்கு இத்தனை அக்கறை.

முதலில் ஒன்று. லாஞ்ச் என்பதே புதுச் சங்கதி அல்ல. இங்கே ஜோகன்னஸ்பர்க்கில் கோல்ட் ரீஃப் சிட்டி என்ற பூங்கா இருக்கிறது. பழைய கிரௌன் மைன்ஸ் சுரங்கத்தின் 14ஆம் ஷாஃப்ட் இருந்த இடத்தில் கட்டியது. அங்குள்ள கோல்டன் லூப் 1977இல் அமெரிக்காவின் கேரோவிண்ட்ஸ் பூங்காவில் வேறொரு பெயரில் ஓடத் தொடங்கிய வண்டி. 1988 வரை அங்கே ஓடியது. பிறகு பிரித்து எடுத்து வந்து 1989இல் இங்கே நிறுவினார்கள். ஜெர்மன்காரரான அன்டன் ஸ்வார்ஸ்கோப்பின் வடிவமைப்பு அது. சங்கிலியில் மெல்ல ஏறி விழுகிற வேலை அதில் கிடையாது. நிலையத்திலிருந்தே தள்ளிவிடும், வண்டி ஒரு வட்டம் அடித்து எதிர்முனையில் ஏறி நின்று, அதே வழியில் பின்பக்கமாகத் திரும்பி வரும். ஸ்வார்ஸ்கோப் இந்தத் தள்ளலுக்கு இரண்டு வழி வைத்திருந்தார். ஒன்றில், டன் கணக்கான எடையை ஒரு கோபுரத்துக்குள் விழவிட்டு, அந்த விழுகையின் பலத்தால் கேபிளை இழுப்பது. இன்னொன்றில், ஃப்ளைவீல் என்ற கனத்த சக்கரம் ஒன்றைச் சுழலவிட்டு, அதன் வேகத்தைச் சட்டென்று கேபிளுக்கு மாற்றுவது. இரண்டிலுமே சூட்சுமம் ஒன்றுதான்: சக்தியை நிதானமாகச் சேர்த்துவைத்து, நொடியில் செலவழிப்பது. இன்று வரைக்கும் லாஞ்ச் கோஸ்டர்களின் கதை இதுதான். சேர்த்துவைக்கும் பாத்திரம்தான் மாறிக்கொண்டே வருகிறது.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் இன்டமின் என்ற சுவிட்சர்லாந்து நிறுவனம் ஹைட்ராலிக் லாஞ்ச் கொண்டுவந்தது. பம்புகள் எண்ணெயைத் தள்ளி நைட்ரஜன் வாயுவை அழுத்திவைக்கும். வால்வு திறந்ததும் அந்த அழுத்தம் எண்ணெயை ஹைட்ராலிக் மோட்டார்கள் வழியே விரட்டும், மோட்டார்கள் ஒரு வின்ச் டிரம்மைச் சுழற்றும், டிரம் கேபிளை இழுக்கும், கேபிளில் மாட்டிய இழுவண்டி கோஸ்டரைப் பிடித்துக்கொண்டு ஓடும். 2003இல் அமெரிக்காவின் சீடர் பாயின்ட்டில் வந்த டாப் த்ரில் டிராக்ஸ்டர் இப்படித்தான் நான்கு நொடிக்குள் மணிக்கு 193 கிலோமீட்டர் வேகம் பிடித்து 128 மீட்டர் ஏறியது. 2005இல் நியூ ஜெர்சியில் வந்த கிங்டா கா அதையும் தாண்டி, மூன்றரை நொடியில் 206 கிலோமீட்டர் வேகம், 139 மீட்டர் உயரம். அந்த இழுப்பின் உச்சத்தில் 20,800 குதிரைத்திறன் வரை தர முடியும் என்று சொல்வார்கள்.

என் போன்ற ஆள் இதைப் படித்தால் முதலில் நினைப்பது அந்தக் கேபிளைத்தான். சுரங்கத்தில் ரோப்பை நாங்கள் எப்படிப் பார்த்துக்கொள்வோம் என்று சொல்கிறேன். தினமும் காலையில் வைண்டரை மிக மெதுவாக ஓட்டச் சொல்லி, ஓடும் ரோப்பைச் சுற்றிப் பருத்தித் துணியைப் பிடித்துக்கொண்டு நிற்போம். ரோப்பில் ஒரே ஒரு கம்பி அறுந்து முனை நீட்டிக்கொண்டிருந்தாலும் துணியை அது பிடித்து இழுக்கும். உடனே நிறுத்தி, அந்த இடத்தில் கிரீஸைத் துடைத்து, அறுந்த கம்பிகளை எண்ணி, கேலிப்பரால் விட்டம் அளந்து, பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதோடு விடுவதில்லை. டிரம் வைண்டராக இருந்தால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை கேஜ் பக்கத்து முனையிலிருந்து ஒரு துண்டை வெட்டி, ஜோகன்னஸ்பர்க் கோட்டஸ்லோவில் உள்ள, இந்த நாட்டு அரசு ஆய்வு அமைப்பான சிஎஸ்ஐஆரின் சோதனைக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே அதை அறுகிறவரை இழுத்துப் பார்ப்பார்கள். பலம் குறைந்திருந்தால் ரோப் போக வேண்டியதுதான், பார்வைக்கு எத்தனை புதிதாகத் தெரிந்தாலும் சரி. இத்தனையும் நிதானமாக வேகம் எடுத்து, நிதானமாக நிற்கும் ஒரு ரோப்புக்கு.

கிங்டா காவின் கேபிளோ சில நிமிடங்களுக்கு ஒரு முறை, பூமியின் ஈர்ப்பைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேலான முடுக்கத்தில் பல டன் எடையை இழுத்தது. இது தேயாமல் என்ன செய்யும்? 2005 மே மாதம் திறந்த அந்த வண்டி, ஜூன் மாதமே லாஞ்ச் பகுதியில் ஒரு போல்ட் போனதால் நின்று, ஆகஸ்டில்தான் மறுபடி ஓடியது. டாப் த்ரில் டிராக்ஸ்டரில் 2004இல் கேபிளிலிருந்து தெறித்த உலோகச் சிதறல்கள் பட்டு நான்கு பேருக்குக் காயம். கலிபோர்னியாவின் எக்ஸெலரேட்டர் கோஸ்டரில் 2009இல் லாஞ்ச் கேபிளே அறுந்து இரண்டு பேருக்கு அடிபட்டது. கிங்டா கா 2024 நவம்பரோடு மூடப்பட்டு, 2025 பிப்ரவரி 28 அன்று வெடிவைத்துச் சாய்க்கப்பட்டது. அப்போது உலகிலேயே உயரமாக இருந்த கோஸ்டருக்கு இருபது வருட ஆயுள்கூட இல்லை. இங்குள்ள கோல்டன் லூப்போடு ஒப்பிட்டுப் பார்த்தால் எனக்கு மனசு கேட்கவில்லை.

ஆகவே கேபிளை விட்டுக் காந்தத்துக்குப் போனது சரியான முடிவுதான். இதில் உங்கள் கட்டுரையோடு எனக்குச் சண்டை இல்லை. லீனியர் மோட்டார் என்பது, சுழலும் மோட்டாரைப் பிரித்து நீளமாகத் தண்டவாளத்தோடு படுக்கவைத்தது என்று வைத்துக்கொள்ளலாம். தண்டவாளத்தில் வரிசையாகக் கம்பிச்சுருள்கள், வண்டியின் அடியில் நிலைக்காந்தங்கள். சுருள்களில் மின்சாரம் ஒன்றன்பின் ஒன்றாக ஓட, காந்தப்புலம் முன்னே நகர, அதோடு வண்டியும் நகர்கிறது. ஒன்றோடொன்று உரசுவது இல்லை, எண்ணெய் இல்லை, அறுந்துபோக ரோப் இல்லை. 1996, 97இலேயே அமெரிக்காவில் இந்த வகை கோஸ்டர்கள் வந்துவிட்டன. ஸ்பெயினில் 2017இல் வந்த ரெட் ஃபோர்ஸ் காந்தத்தாலேயே மணிக்கு 180 கிலோமீட்டர் பிடிக்கிறது. சவுதியின் கித்தியாவில் 250 கிலோமீட்டர் வேகத்துக்கு வடிவமைத்த ஃபால்கன்ஸ் ஃபிளைட்டும் காந்தம்தான். வேகத்துக்கு ஹைட்ராலிக்கைத் தவிர வழியில்லை என்ற பேச்சு முடிந்துவிட்டது.

ஆனால் ஒரு பலவீனத்தை எடுத்துவிட்டால் அடுத்த பலவீனம் முன்னே வந்து நிற்கும். இயந்திரத்தோடு காலம் தள்ளியவர்களுக்கு இது தெரியும். டாப் த்ரில் டிராக்ஸ்டரிலேயே பாருங்கள். 2021 ஆகஸ்ட் 15 அன்று, ஓடும் வண்டியிலிருந்து கழன்ற ஓர் உலோகத் துண்டு, வரிசையில் நின்றிருந்த ஒரு பெண்ணின் தலையில் பட்டுப் படுகாயம். மாநில அரசின் விசாரணை பூங்கா சட்டத்தை மீறியதாகச் சொல்லவில்லை. ஆனாலும் அந்த வண்டி அந்த வடிவில் மறுபடி ஓடவில்லை. ஹைட்ராலிக்கை எடுத்துவிட்டு, இத்தாலியின் ஜாம்பெர்லா நிறுவனத்தைக் கொண்டு காந்த லாஞ்ச் பொருத்தி, முன்னே, பின்னே, மறுபடி முன்னே என்று மூன்று தள்ளலாக மாற்றி, டாப் த்ரில் 2 என்று 2024 மே 4 அன்று திறந்தார்கள். ஒரு வாரம் சொச்சம்தான் ஓடியது. வண்டிகளில் இயந்திர மாற்றங்கள் செய்ய வேண்டும் என்று அறிவித்து, அந்த வருடம் முழுக்க நிறுத்திவைத்தார்கள். 2025 மே மாதம்தான் திரும்ப வந்தது. நன்றாகக் கவனியுங்கள், அறிவிப்பில் சொன்னது வண்டிகளைப் பற்றி, லாஞ்சைப் பற்றி அல்ல. காந்தம் சொன்ன வேலையைச் செய்தாலும், அந்த வேகத்தை வாங்கிக்கொள்ள வேண்டியது வண்டியும் அதன் சக்கரங்களும் போல்ட்டுகளும்தானே.

அழுத்தக் காற்றால் தள்ளும் வகையும் ஒன்று உண்டு. அதில் எனக்கு நம்பிக்கை கிடையாது, சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் கார்ப் பந்தயத் திடலில் ரிங் ரேசர் என்று ஒன்று கட்டினார்கள். 2009இல் சோதனையின்போதே காற்றுத் தொகுதி வெடித்தது. நான்கு வருடம் தள்ளிப்போட்டு 2013 அக்டோபர் 31 அன்று திறந்தார்கள். நான்கே நாள், நவம்பர் 3 அன்று மூடினார்கள், அப்புறம் ஓடவே இல்லை. ஜப்பானின் டோ-டோடோன்பா 1.56 நொடியில் மணிக்கு 180 கிலோமீட்டர் போனது. பயணிகள் சிலருக்கு எலும்பு முறிந்ததாகப் புகார்கள் வந்து 2021 ஆகஸ்டில் நின்றது, 2024இல் ஒரேயடியாக மூடிவிட்டார்கள். இயந்திரம் தாங்குகிறது என்பதற்காக மனிதனின் கழுத்தும் தாங்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

சரி, இத்தனை பழுதுகளைச் சொன்னதால் கோஸ்டரில் ஏறாதீர்கள் என்கிறேன் என்று நினைக்க வேண்டாம். நான் சொல்ல வருவதில் இதுதான் முக்கியம்: அடிக்கடி நிற்கும் வண்டி வேறு, ஆபத்தான வண்டி வேறு. நம் ஆட்கள் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள், பத்திரிகைகளும் குழப்புகின்றன.

எங்கள் கோயிலில் சனிக்கிழமை தமிழ் வகுப்பு நடக்கிறது. ஒரு முறை வகுப்புப் பிள்ளைகளை இந்த நாட்டிலுள்ள ஒரு பூங்காவுக்கு அழைத்துப் போயிருந்தோம், பெயர் வேண்டாம். கோஸ்டர் சங்கிலியில் பாதி மேடு ஏறியதும் நின்றுவிட்டது. மேலே எங்கள் பிள்ளைகள் ஆறேழு பேர். கீழே ஒரே கூச்சல். கூட வந்திருந்த ஓர் ஆயா என் கையைப் பிடித்துக்கொண்டு, “தம்பி, இது கெட்டுப்போன வண்டி, பிள்ளைங்கள இனிமே இதுல ஏத்தவே கூடாது” என்று அழ ஆரம்பித்துவிட்டார். “ஆயா, ஏதோ சரியில்லைன்னு அதுக்குத் தெரிஞ்சதாலதான் நின்னிருக்கு. பின்னாடி உருளாம பிடிச்சிட்டு நிக்குது பாருங்க, அத பாருங்க முதல்ல” என்றேன். ஏறும்போது டக் டக் என்று ஒரு சத்தம் கேட்குமே, அது வண்டியின் அடியிலுள்ள நாக்கு பல்வரிசையில் ஒவ்வொரு பல்லாகத் தாண்டும் சத்தம். சங்கிலியே அறுந்தாலும் அந்த நாக்கு பல்லில் விழுந்து வண்டியை அங்கேயே நிறுத்திவிடும். மின்சாரமோ கம்ப்யூட்டரோ அதற்குத் தேவையில்லை, அதன் எடையே போதும். பூங்கா ஆட்கள் இரண்டு பேர் பக்கத்துப் படிக்கட்டில் ஏறி, இருக்கைப் பூட்டுகளை ஒவ்வொன்றாகக் கையால் திறந்து, ஒவ்வொரு பிள்ளையையும் இடுப்பு வாரில் மாட்டி இறக்கிவந்தார்கள். அவசரமே காட்டவில்லை. நன்றாகப் பழகிய கைகள் என்று பார்த்ததுமே தெரிந்தது. ஒரு சென்சார் தவறான தகவல் தந்திருக்கிறது, அதுதான் காரணம் என்று பிறகு சொன்னார்கள். எனக்கு அந்தப் பூங்காமேல் மதிப்புக் கூடியது.

லாஞ்ச் கோஸ்டர்களிலும் இப்படி ஒன்று உண்டு. கிங்டா காவின் 206 கிலோமீட்டர் வேகத்தைக் கணக்குப் போட்டால், உராய்வும் காற்றும் இல்லாவிட்டால் சுமார் 167 மீட்டர் ஏறலாம். ஏற வேண்டியது 139 மீட்டர். மிச்சமுள்ள இருபத்தெட்டு மீட்டர் அளவுச் சக்திதான் உராய்வுக்கும் எதிர்க்காற்றுக்கும். கொஞ்சம் குளிர், கொஞ்சம் காற்று, வண்டி உச்சியைத் தாண்டாமல் அப்படியே பின்பக்கமாகக் கீழே வந்துவிடும். பார்ப்பவருக்கு விபத்து மாதிரி இருக்கும். ஆனால் லாஞ்ச் முடிந்த கணமே ஓடுபாதையில் பிரேக் தகடுகள் மேலே எழும்பி நின்றிருக்கும். செம்புக் கலவைத் தகடுகள் காந்தங்களுக்கு நடுவே போகும்போது தகட்டுக்குள் தானாகவே சுழல் மின்னோட்டம் பிறந்து வேகத்தைத் தின்றுவிடும். வெளியிலிருந்து மின்சாரம் தேவையில்லை, மழையில் நனைந்தாலும் வழுக்காது. கோஸ்டர் துறையில் இந்த முப்பது வருடங்களில் வந்த நல்லவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இந்தக் காந்த பிரேக்தான். லாஞ்சைப் பற்றியே எல்லோரும் எழுதுகிறார்கள், இதைப் பற்றி யாராவது எழுதினால் நன்றாக இருக்கும்.

நிற்காத வண்டிதான், அதாவது நிற்க வேண்டிய நேரத்தில் நிற்காத வண்டிதான் ஆபத்து. இங்கிலாந்தின் ஆல்டன் டவர்ஸில் 2015 ஜூன் 2 அன்று ஸ்மைலர் கோஸ்டரில் நடந்தது அதுதான். பாதையில் ஒரு காலி வண்டி நின்றிருந்தது. கம்ப்யூட்டர் அதைச் சரியாகக் கண்டுபிடித்து, பின்னால் வந்த வண்டியை நிறுத்திவைத்தது. ஆட்கள்தான், வழி காலியாக இருக்கிறது என்று நினைத்து அந்தத் தடையை நீக்கி வண்டியை அனுப்பினார்கள். இரண்டு இளம்பெண்களுக்குக் கால் போனது. நிறுவனத்துக்கு 50 லட்சம் பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது. தொழில்நுட்பம் தன் கடமையைச் செய்தது. அதன் பேச்சைக் கேட்கும் பழக்கம் ஆட்களிடம் இல்லை. சுரங்கத்தில் ஒரு அலாரம் அடித்தால், அது ஏன் அடித்தது என்று எழுத்தில் பதில் வரும்வரை வைண்டர் நகராது. உற்பத்தி நிற்கிறது என்று மேலதிகாரி கத்தினாலும் நகராது. அந்தக் கண்டிப்பு பூங்காக்களுக்கும் வேண்டும்.

இன்னொன்று. கோல்டன் லூப் பிறந்த அதே கேரோவிண்ட்ஸில் ஃப்யூரி 325 என்று பெரிய கோஸ்டர் இருக்கிறது, லாஞ்ச் இல்லாதது. 2023 ஜூன் 30 அன்று பூங்காவுக்கு வந்த ஒருவர் மேலே பார்த்திருக்கிறார். வண்டி போகும்போதெல்லாம் ஒரு தூணின் மேல் பகுதி பிளந்து விலகுவது வெறும் கண்ணுக்கே தெரிந்தது. அவர் சொல்லித்தான் வண்டியை நிறுத்தினார்கள். தூணை மாற்றி, சோதித்து, ஆகஸ்டில் திறந்தார்கள். காலைப் பரிசோதனை என்பது தாளில் டிக் அடிப்பதாக ஆகிவிட்டால், எந்தத் தொழில்நுட்பம் இருந்தும் பயனில்லை.

மின்சாரத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, நான் இருக்கும் நாடு அப்படி. 2023இல் இங்கே ஒரு நாளில் பல மணி நேரம் கரண்ட் கட். மின்வாரியமான எஸ்காமின் மின்வெட்டு அட்டவணை பார்த்துத்தான் சோறு வைத்தோம். காந்த லாஞ்சுக்கு சில நொடிகளில் மெகாவாட் கணக்கில் மின்சாரம் வேண்டும். நேரடியாக லைனிலிருந்து இழுத்தால் அக்கம்பக்கத்து விளக்கெல்லாம் மங்கும். இதே காரணத்தால்தான், காந்தத்துக்குப் பதில் டயர்களால் வண்டியைத் தள்ளும் அமெரிக்காவின் ஹல்க் கோஸ்டர் 1999இல் வந்தபோதும், பெரிய ஃப்ளைவீல்களில் சக்தியைச் சேர்த்துவைத்துத்தான் லாஞ்ச் செய்தார்கள். ஸ்வார்ஸ்கோப் யோசனையேதான், வேறு உருவத்தில். தமிழ்நாட்டில் மின்சாரம் எங்களைவிட மேல் என்பது உண்மை. ஆனாலும் மே மாத வெயிலில் வோல்டேஜ் ஏறி இறங்குவது நான் அறியாததல்ல. அந்தச் சூட்டில் மின் அலமாரிகளுக்குள் இருக்கும் எலக்ட்ரானிக்ஸுக்கு ஏசி வேண்டும், அந்த ஏசிக்கு ஒரு மாற்று ஏசி வேண்டும். கடற்கரைப் பூங்கா என்றால் உப்புக்காற்று வேறு. ஐரோப்பாவில் நன்றாக ஓடுகிறது என்பது நம் ஊருக்கு உத்தரவாதம் ஆகாது.

ஊருக்கு வரும் வழியில் ஒரு முறை அபுதாபியில் இறங்கி, மகளோடு ஃபார்முலா ரோசாவில் ஏறினேன். 240 கிலோமீட்டர் வேகம், 2010இல் திறந்தது, ஹைட்ராலிக் வகை. மணல் கண்ணில் படாமல் இருக்க எல்லோருக்கும் கண்ணாடி தருகிறார்கள். நான் விரும்பாத அதே எண்ணெயும் கேபிளும், பாலைவனத்தில், இத்தனை வருடங்களாக ஓடுகிறது. பராமரிப்பு செய்கிறவர்களின் கையில்தான் எல்லாம் என்று அங்கே எனக்குப் பட்டது. பழைய வடிவமைப்பையும் நல்ல கைகள் ஓட்டிவிடும். புது வடிவமைப்பையும் அசட்டையான கைகள் கவிழ்த்துவிடும்.

புது மாடல் வாங்கும் பூங்காக்களுக்கு ஒரு வார்த்தை. உலகிலேயே முதல் முறை என்று விளம்பரப் பலகையில் போடுவது பெருமைதான். ஆனால் முதல் வண்டி என்றால், அதன் கோளாறுகளை முதலில் கண்டுபிடிக்கப்போவதும் நீங்கள்தான். சீடர் பாயின்ட்டின் மேவரிக்கில் 2007இல் ஒரு சுழற்சியையே திறப்பதற்கு முன் வெட்டி எடுத்தார்கள், வண்டிகளுக்கு அது அதிகச் சிரமம் தருகிறது என்று சோதனையில் தெரிந்ததால். அதனால் திறப்பு விழா தள்ளிப்போனது. அது நல்ல முடிவு, பாராட்ட வேண்டியது. ஃப்ளோரிடாவில் 2019 ஜூனில் வந்த ஹாக்ரிட் கோஸ்டரில் ஏழு லாஞ்ச்கள். முதல் மாதங்களில் அடிக்கடி நின்று, ஆட்கள் வரிசையில் காய்ந்தார்கள், போகப்போகச் சரியானது. ஒரு லாஞ்ச் இருந்தால் ஒரு இடத்தில் பழுது வரும், ஏழு இருந்தால் ஏழு இடத்தில். இரண்டு மூன்று வருடம் வேறெங்காவது ஓடித் தேறிய மாடலை வாங்குவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. திருப்போரூர் பக்கம் ஒண்டர்லா, பல நாடுகளில் வருடக்கணக்காக ஓடுகிற பொலிஜர் அன்ட் மாபிலார்ட் நிறுவனத்தின் தொங்கு கோஸ்டரை வாங்கியதாகப் படித்தபோது நான் சந்தோஷப்பட்டது அதனால்தான்.

2025 மே மாதம் சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு பூங்காவில் ராட்சத ராட்டினம் பாதியில் நின்று, முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் அந்தரத்தில் மணிக்கணக்கில் தொங்கி, தீயணைப்புத் துறை வந்து இறக்கியதை இங்கே டிவியில் பார்த்தோம். ராட்டினம் நின்றதற்கு நான் குறை சொல்ல மாட்டேன். நின்றால் ஆட்களை எப்படி இறக்குவது என்பதற்கு அங்கேயே ஏற்பாடு இல்லாமல் போனதுதான் என் வருத்தம். அன்று எங்கள் வகுப்புப் பிள்ளைகளைப் படிக்கட்டில் இறக்கிவந்த அந்த இரண்டு பேரைப் போல ஆட்களும் பயிற்சியும் ஒவ்வொரு பூங்காவிலும் இருக்க வேண்டும்.

அதனால் உங்களிடம் ஒரு கோரிக்கை. அடுத்த முறை புது கோஸ்டர் பற்றி எழுதும்போது வேகமும் உயரமும் போதும் என்று விட்டுவிடாதீர்கள். போன சீசனில் எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை மணி நேரம் நின்றது, எதனால் நின்றது என்று கேளுங்கள். சொல்ல மறுத்தால், மறுத்தார்கள் என்றே அச்சிடுங்கள். தினசரிப் பரிசோதனையில் கையெழுத்துப் போடுகிறவர் யார், அவருக்கு என்ன படிப்பு, வண்டியை இன்று ஓட்ட வேண்டாம் என்று சொல்ல அவருக்கு அதிகாரம் உண்டா, அப்படிச் சொன்னால் வேலை போகுமா என்று கேளுங்கள். சக்கரங்களையும் போல்ட்டுகளையும் எத்தனை நாளைக்கு ஒரு முறை கழற்றி விரிசல் பார்க்கிறார்கள் என்று கேளுங்கள். கேளிக்கைச் சாதனங்களுக்கு ஐஎஸ்ஓ 17842 என்று பன்னாட்டுத் தர விதி இருக்கிறது, அதன்படி வெளியாள் ஒருவர் வந்து சோதிக்கிறாரா, அந்த அறிக்கையைப் பொதுமக்கள் பார்க்க முடியுமா என்பதையும் கேளுங்கள். மே விடுமுறைக்கு முன்பே உங்கள் நிருபர் ஒருவர் நான்கைந்து பூங்காக்களுக்குப் போய் இந்தக் கேள்விகளைக் கேட்டு வந்து எழுதினால், அதை என் தங்கை மகன் மறுபடி அனுப்புவான், நான் எங்கள் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோருக்கும் படித்துக் காட்டுவேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
ஓய்வு பெற்ற வைண்டர் டெக்னீஷியன்,
லெனேசியா, ஜோகன்னஸ்பர்க், தென்னாப்பிரிக்கா